20 சென்ட் வீட்டைச் சுற்றிக் கம்பிவேலி: மூணு பேர் மூணு விலை சொல்றாங்க, எதை வெச்சு முடிவு பண்றது?

தோட்டத்துவீடு:

பல்லடம் பக்கம் 20 சென்ட் இடம். முன்னும் பின்னும் 88 அடி, பக்கம் இரண்டும் 99 அடி. நடுவுல வீடு, பின்னால தென்னையும் வாழையும். முன்பக்கம் நடுவுல 12 அடிக்கு இரட்டைக் கதவு கேட். அது போக வேலி நீளம் 362 அடி. 5 அடி உயர வலை, அதுக்கு மேல ரெண்டு வரி முள்கம்பி போடலாம்னு இருக்கோம். ஆடு, மாடு, தெருநாய் உள்ள வரக்கூடாது. அவ்வளவுதான் தேவை.

மண்ணைச் சொல்லணும்னா, முன்பக்கமும் பக்கவாட்டும் செம்மண், ஓர் அடிக்குக் கீழ சுக்கான்கல் (கெட்டியான சுண்ணாம்புக் கல்). பின்பக்கம் 88 அடியும் தாழ்வு, கரிசல் மண். ஐப்பசி மழைக்கு ரெண்டு மூணு நாள் தண்ணி நிக்கும்.

மூணு காண்ட்ராக்டர் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க.

முதல் ஆள்: 8 அடி சிமெண்ட் கால், 10 அடிக்கு ஒண்ணு, 12 கேஜ் (கம்பியோட தடிமன்) வலை, 3 அங்குலக் கண் (வலையோட ஓட்டை). ரன்னிங் அடிக்கு 170 ரூபாய்.

ரெண்டாவது ஆள்: 8 அடி கல்லுக்கால், 8 அடிக்கு ஒண்ணு, 10 கேஜ் வலை, 3 அங்குலக் கண். அடிக்கு 245 ரூபாய்.

மூணாவது ஆள்: "எல்லாம் சேர்த்து 72,000 கொடுத்துடுங்க, நான் நல்லா பண்ணித் தர்றேன்" என்கிறார். கால் எத்தனை, வலை என்ன கேஜ்னு எதுவும் எழுதித் தரலை.

மூணு பேருமே ரெண்டு மூணு நாள்ல முடிச்சுடலாம்னு சொல்றாங்க. இந்த விலைகளை ஒண்ணோட ஒண்ணு எப்படி ஒப்பிடறது? வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு எதையெல்லாம் பார்க்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


நூல்மட்டம்:

அடிக்கு எவ்வளவு என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் இடத்துக்கு எத்தனை கால், எத்தனை கிலோ கம்பி, எத்தனை மூட்டை சிமெண்ட் என்று மூன்று கணக்கையும் நீங்களே போட்டுவிடுங்கள். அதன் பிறகு விலை தானாகப் புரியும்.

8 அடி இடைவெளி என்றால் 99 அடிப் பக்கம் ஒவ்வொன்றும் 13 கட்டம் (ஒரு கட்டம் 7 அடி 7 அங்குலம் வரும்), பின்பக்கம் 11 கட்டம், முன்பக்கம் கேட்டுக்கு இருபுறமும் 38 அடியில் 5 கட்டம் வீதம் 10. ஆக 47 கட்டம், 48 கால். 10 அடி இடைவெளி என்றால் 10 + 10 + 9 + 8 = 37 கட்டம், 38 கால். முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் இங்கேயே 10 கால் வித்தியாசம். இது போக முட்டுக்கால் (மூலைக்கால் சாயாமல் சாய்வாக முட்டுக்கொடுக்கும் கால்): நான்கு மூலையிலும் இரண்டிரண்டு, கேட்டின் இருபுறமும் ஒவ்வொன்று, மொத்தம் 10. பல கொட்டேஷன்களில் முட்டுக்கால் என்ற வார்த்தையே இருக்காது. வேலை நடக்கும்போது "அது தனி, கால் ஒன்றுக்கு இவ்வளவு" என்பார்கள். இரண்டு பேரிடமும் இப்போதே கேளுங்கள்.

குழி ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம், 2 அடி ஆழம் என்றால் 2 கன அடி. 4 அங்குலச் சதுரக் கால் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் ஒரு குழிக்கு ஏறக்குறைய 1.8 கன அடி கான்கிரீட். முட்டுக்கால் குழிகளையும் சேர்த்து மொத்தம் 100 கன அடி. அதாவது ஒரு யூனிட். 1:3:6 கலவைக்கு (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூன்று, ஜல்லி ஆறு) 12 முதல் 13 மூட்டை சிமெண்ட், அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக எம்-சாண்ட், ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஜல்லி. 1:2:4 என்றால் சிமெண்ட் 18 மூட்டை. வேலிக்கு 1:3:6 போதும். கேட் தூணுக்கு மட்டும் 1:2:4 போடச் சொல்லுங்கள்.

மனதில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு: நாலரைக் காலுக்கு ஒரு மூட்டை. ஐந்தாறு மூட்டையோடு ஒருவர் வந்து இறங்கினால், குழியில் பாதிக்கு மேல் மண்ணும் உடைகல்லும்தான் போகும். எர்த் ஆகர் என்ற குழி துளைக்கும் மெஷினில் 12 அங்குல பிட் போட்டுத் துளைத்தால் குழி வட்டமாக இருக்கும், கான்கிரீட்டும் குறையும். அப்போது 10 மூட்டை போதும். ஜே.சி.பி. வைத்துக் குழி எடுக்க விடாதீர்கள். குழி இரண்டு அடி அகலத்துக்கு வாய் பிளந்துவிடும், சுற்றிலும் மண் இளகிப் போகும், கடைசியில் அத்தனை இடத்தையும் கான்கிரீட்டால் நிரப்ப யாரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது ஆளிடம் இதே கணக்கைக் காட்டி, எழுதித் தரச் சொல்லுங்கள். 72,000 என்பது அடிக்கு 199 ரூபாய். அது நல்ல விலையா இல்லையா என்பது எழுத்தில் வரும் வரை யாருக்கும் தெரியாது. எழுதித் தர மறுத்தால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.


அளவுக்கல்:

காண்ட்ராக்டரை முடிவு செய்வதற்கு முன்னால் நிலத்தை அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 88க்கு 99 என்று இருப்பது ஒன்று, தரையில் இருப்பது ஒன்று. பட்டாவில் உங்கள் பரப்பு ஹெக்டேர் கணக்கில் 0.08.09 என்று இருக்க வேண்டும். புல வரைபடத்தில் அளவுகள் மீட்டரில் இருக்கும்: 88 அடி என்பது 26.82 மீட்டர், 99 அடி என்பது 30.18 மீட்டர். உட்பிரிவு ஆகியிருந்தால் உட்பிரிவுக்கான வரைபடத்தையே எடுங்கள். பழைய முழுப் புலத்தின் படத்தை வைத்து அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சர்வேயர் அளவைக்குத் தமிழ்நிலம் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர்கள் நிற்பது முக்கியம். அவர்கள் இல்லாமல் அளந்து வேலி போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அவர்கள் சொந்தமாக அளந்து வந்து நின்றால், கான்கிரீட்டில் நட்ட காலைப் பிடுங்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

இடம் உண்மையிலேயே சதுரமூலையாக இருந்தால் மூலைக்கு மூலை 132 அடி 5½ அங்குலம் வரவேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று நாடா பிடித்துப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஒரு மூலை உள்ளே இழுத்திருக்கும். அப்படி இருந்தால் வேலியும் அந்தக் கோட்டிலேயே போகட்டும், அழகுக்காக நேராக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்தது, எல்லைக் கோட்டின் மேலேயே கால் நடக்கூடாது. குழி ஓர் அடி அகலம் என்றால் காலின் மையம் எல்லையிலிருந்து குறைந்தது 6 அங்குலம் உள்ளே வரவேண்டும். அப்போதுதான் அடியில் இருக்கும் கான்கிரீட்டும் உங்கள் மண்ணுக்குள் நிற்கும். வலை காலின் வெளிப்பக்கம் வரட்டும். மாடு வந்து சாய்ந்தால் வலை காலின் மேல் அழுந்தும். உள்பக்கம் கட்டினால் அத்தனை பாரத்தையும் கட்டுக்கம்பிதான் தாங்க வேண்டியிருக்கும்.

அளவுக்கற்களை மட்டும் தயவுசெய்து தொட விடாதீர்கள். மூலைக்கால் நடும்போது "இடைஞ்சலாக இருக்கிறது" என்று வேலையாட்கள் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அரசு நட்ட எல்லைக்கல்லைப் பெயர்ப்பது குற்றம். அதைவிட, நாளைக்கு உங்கள் எல்லையை நிரூபிக்க அந்தக் கல்தான் சாட்சி. கல்லை வெளியே தெரியும்படி விட்டு, மூலைக்காலை அதன் உட்புறத்தில் நடச் சொல்லுங்கள்.


கம்பிக்கடை:

வலையில்தான் அதிக ஏமாற்று நடக்கிறது. அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

10 கேஜ் என்றால் கம்பியின் விட்டம் 3.25 மி.மீ., 12 கேஜ் என்றால் 2.64 மி.மீ. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். சந்தையில் 3 மி.மீ. கம்பியைப் "பத்து கேஜ்" என்று விற்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் எடையில் 15 சதவீதம் குறைவு. வெர்னியர் (கம்பியின் விட்டம் அளக்கும் கருவி) இருந்தால் நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் சுருளை எடை போடுங்கள். எடையில் யாரும் ஏமாற்ற முடியாது.

5 அடி உயரம், 50 அடி நீளம், 3 அங்குலக் கண் உள்ள ஒரு சுருள்: 10 கேஜ் என்றால் 43 கிலோ அளவில் வரவேண்டும், 12 கேஜ் என்றால் 28 கிலோ சொச்சம். "பத்து கேஜ்" என்று சொன்ன சுருள் 36, 37 கிலோ காட்டினால் அது 3 மி.மீ. கம்பி. இதே 10 கேஜில் 2 அங்குலக் கண் எடுத்தால் 64 கிலோ வரும். கோழி, நாய்க்குட்டி நுழையாமல் இருக்க அதை விரும்புகிறார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். உங்கள் தேவைக்கு 3 அங்குலம் போதும்.

கண்ணின் அளவையும் பாருங்கள். 3 அங்குலம் என்பது எதிரெதிர்க் கம்பிகளுக்கு நடுவே நேர்குறுக்காக எடுக்கும் அளவு. மூலைக்கு மூலை வைத்தால் 4¼ அங்குலம் காட்டும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆனால் நேர் அளவே 3¼ இருந்தால், கம்பி சரியாக இருந்தும் எடை 7, 8 சதவீதம் குறையும். ஒரே கண்ணை அளக்காமல் வரிசையாகப் பத்துக் கண்களை அளந்து பத்தால் வகுங்கள்.

உங்கள் 362 அடிக்கு 10 கேஜுக்கும் 12 கேஜுக்கும் நடுவே 100 கிலோவுக்கு மேல் இரும்பு வித்தியாசம். உள்ளூர்க் கடையில் அன்றைய கிலோ விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். முதல் இரண்டு பேரின் விலை வித்தியாசத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு லாபம் என்று தெரிந்துவிடும்.

மாடு உரசும் இடத்தில் 12 கேஜ் தாங்காது. நாலைந்து தடவை முதுகைத் தேய்த்தால் வயிறு போட்டுவிடும், அதன் பிறகு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பழைய நிலைக்கு வராது. அதனால் 10 கேஜுக்கே போகச் சொல்வேன்.

துத்தநாகப் பூச்சு இன்னொரு விஷயம். ஒரே கேஜ், ஒரே எடை, ஆனால் ஒன்று மூன்றாம் வருஷமே துரு தட்டும், இன்னொன்று பல வருஷம் நிற்கும். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூச்சு என்று கேளுங்கள், பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். செயின் லிங்க் வலைக்கு (நாம் பேசும் இந்த வேலி வலைக்கு) ஐ.எஸ். 2721, முள்கம்பிக்கு ஐ.எஸ். 278 என்று தரநிலைகள் இருக்கின்றன. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டாலே கடைக்காரர் கவனமாகப் பேசுவார். ஒரு துண்டுக் கம்பியைப் பேனா மேல் நெருக்கமாகச் சுற்றிப் பாருங்கள். பூச்சு செதில் செதிலாக உரிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

வலையைத் தாங்க மேலே, நடுவே, கீழே என்று மூன்று வரி இழுகம்பி வேண்டும். 8 கேஜில் (4 மி.மீ.) போட்டால் 362 அடிக்கு மூன்று வரிக்கும் சேர்த்து 34 கிலோ. முனைகளில் சுற்றுவதற்குச் சேர்த்து 37 வாங்குங்கள். முள்கம்பி இரண்டு வரி, 12க்கு 12 கேஜ் (இழையும் முள்ளும் 12 கேஜ்) என்றால் 23 முதல் 25 கிலோ. இந்த இரண்டும் கொட்டேஷனில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். இழுகம்பியை விட்டுவிட்டு வலையை நேராகக் காலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அப்படிக் கட்டிய வேலி முதல் கோடையிலேயே மேல்பக்கம் மடங்கிவிடும்.


கல்லுக்கால்:

சாமான் எல்லாம் சரியா வந்தாலும் நடுற விதத்துல கெட்டுப் போறதுதான் ஜாஸ்திங்க.

முதல்ல நாலு மூலைக்காலையும் கேட் ஓரத்து ரெண்டு காலையும் நடணும். தூக்குக்குண்டு விட்டு ரெண்டு முகத்துலயும் நேர் பார்க்கணும். அப்புறம் மேலயும் கீழயும் ரெண்டு நூல் கட்டி, அதுக்கு நடுவுல மத்த காலை நிறுத்தணும். ஒரு நூல் மட்டும் கட்டுனா காலு நூலைத் தொட்டுக்கிட்டே சாய்ஞ்சு நிக்கும், வலை கட்டுனதுக்கு அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும்.

கான்கிரீட்டை வெளியில தகரத்துல கலந்து, ஈரமாத்தான் குழியில கொட்டணுங்க. காய்ஞ்ச கலவையைக் குழியில போட்டு மேல ரெண்டு குடம் தண்ணி ஊத்துறது ஒரு பழக்கமாவே ஆயிருச்சு. தண்ணி மேல ஓர் அரை அடிக்குத்தான் இறங்கும், அடியில சிமெண்டு மாவாவே கிடக்கும். ரெண்டு தரமா கொட்டி, ஒவ்வொரு தரமும் கம்பியால நல்லா குத்திவிடணும். மேல்முகம் தரைக்கு ரெண்டு அங்குலம் உசந்து, நாலு பக்கமும் சரிவா இருக்கட்டும். குழி மாதிரி விட்டா காலடியில தண்ணி நிக்கும்.

முட்டுக்கால் வலை இழுக்கிற பக்கமாத்தான் வரணும். மூலையில ரெண்டு பக்கமும் வலை இழுக்குது, அதனால ரெண்டு முட்டு. மெயின் காலோட உயரத்துல மூணுல ரெண்டு பங்குல போய் அணைஞ்சு நிக்கணும். அதோட அடிக்கும் ஒன்றரை அடிக் குழி, கான்கிரீட்டு. சும்மா மண்ணுல ஊனி வெச்சா, இழுக்கிறப்போ அது மண்ணுக்குள்ள இறங்கிடும், மூலைக்காலு உள்பக்கம் சாய்ஞ்சிரும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது இதுதாங்க. கால் நட்டு ஏழு நாள் தண்ணி விட்டு ஆறப்போட்ட பிறகுதான் வலை இழுக்கணும். ரெண்டு மூணு நாள்ல முடிக்கிறேன்னு சொன்னா, இன்னைக்கு நட்ட காலுல நாளைக்கே இழுக்கப் போறாங்கன்னு அர்த்தம். பச்சைக் கான்கிரீட்டுல இழுத்தா காலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல மயிரிழை விரிசல் விழும். அது அப்புறம் சேரவே சேராது. காலு ஆடிக்கிட்டே இருக்கும். நீங்க ஆளுங்களை ரெண்டு தவணையா வரச் சொல்லணும். வண்டி வாடகை இன்னொரு தரம் கேப்பாங்க, அது நியாயம்தான், கொடுத்துருங்க.


தோட்டத்துவீடு:

ரொம்ப நன்றி. ரெண்டாவது ஆளிடம் பேசினேன். முட்டுக்கால் பத்தும் இழுகம்பி மூணு வரியும் சேர்த்து எழுதித் தர ஒத்துக்கிட்டார், ஏழு நாள் இடைவெளிக்கும் சரின்னுட்டார். இன்னும் சில சந்தேகம்.

வலை 7 சுருள் போதும், இழுத்தா 362 அடி வந்துடும்னு சொல்றார். சரியா? பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார். தாழ்வான பின்பக்கத்துக்குத் தனியா எதுவும் செய்யணுமா? கல்லுக்காலா சிமெண்ட் காலா, எது நல்லது? அப்புறம், ஒரு பக்கம் ஈ.பி. கம்பத்தைச் சாயாம இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி எங்க இடத்துக்குள்ளதான் இறங்குது.


கம்பிக்கடை:

7 சுருள் 350 அடி. மீதி 12 அடியை இழுத்தே வரவழைக்கிறார் என்றால் வலையின் கண் அகலவாக்கில் விரியும், அந்த அளவுக்கு உயரம் குறையும். 5 அடி வலை 4 அடி 10 அங்குலத்துக்கு வந்து நிற்கும். விரிந்த கண்ணில் இழுவிசை ஒரே சீராக இருக்காது, மாடு சாய்ந்த இடம் முதலில் தொங்கும். 8 சுருள் வாங்குங்கள். மிச்சம் வரும் 38 அடியை எடுத்து வைத்தால் பின்னால் ஒட்டுப் போட உதவும். வேண்டாம் என்றால், 12 அடிக்கு மட்டும் துண்டு வெட்டித் தரும் கடையும் உண்டு.

இரண்டு சுருள் சேரும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒரு சுருளின் கடைசி நெளிகம்பியைச் சுற்றிக் கழற்றி, இரண்டு ஓரத்தையும் பக்கத்தில் வைத்து, அதே கம்பியை மேலிருந்து இரண்டுக்குள்ளும் சுற்றிச் சுற்றி இறக்க வேண்டும். அப்படிச் செய்தால் எங்கே சேர்ந்தது என்றே தெரியாது. கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் முடிச்சுப் போட்டுச் சேர்த்தால், வேலியில் முதலில் பிரியும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

மூலையில் வலையின் கடைசிக் கண்கள் வழியாக 10 மி.மீ. கம்பி ஒன்றைச் செங்குத்தாகக் கோர்த்து, அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கண்ணைக் கொக்கி போட்டு இழுத்தால் அந்த ஒரு கண் மட்டும் நீண்டுபோகும். வலையின் மேல் ஓரம் மடக்கிய முனையா, முறுக்கிய கூர்முனையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மேலும் கீழும் மடக்கியதே நல்லது. ஏறித் தாண்டாமல் இருக்க முள்கம்பி மேலே இருக்கிறதே.


கல்லுக்கால்:

பின்பக்கத்துக் கரிசலுக்கு ரெண்டு அடிக் குழி பத்தாதுங்க. கரிசல் நனைஞ்சா உப்பும், காய்ஞ்சா வெடிக்கும். மேல் ரெண்டு அடிதான் அதிகமா ஆடும், காலை மெல்ல மெல்ல மேல தூக்கிவிடும். அந்த 88 அடிக்கு மட்டும் மூணு அடிக் குழி எடுத்து, 9 அடிக் கால் போடச் சொல்லுங்க. மூலை ரெண்டும் சேர்த்து 12 கால். கோடையில, மண்ணு காய்ஞ்சு கிடக்கிறப்போ குழி எடுத்தா நல்லது. மழைக்கு அப்புறம்னா குழிச்சுவர் உள்ள சரிஞ்சுக்கிட்டே இருக்கும். குழியில தண்ணி நின்னா இறைச்சுட்டுத்தான் கான்கிரீட்டு.

கல்லா சிமெண்டான்னா, இந்தப் பக்கத்துக்கு கல்லுக்கால்தான்னு நான் சொல்லுவேன். தண்ணி நிக்கிற இடத்துல சிமெண்ட் காலுக்குள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு, காலு நெடுக வெடிப்பு விடும். கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. இறக்குறப்பவே ஒவ்வொரு காலையும் சுத்தியால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்ல கல்லு, மந்தமா சத்தம் வந்தா உள்ள விரிசல் இருக்குது. குறுக்கால கோடு ஓடியிருந்தா அது இழுக்கிறப்போ அந்தக் கோட்டுலயே முறியும். திருப்பி அனுப்பிருங்க. கம்பி கோர்க்கிற துளையை நடுறதுக்கு முன்னாலயே போட்டிருக்கணும், நட்ட கல்லுல டிரில் வெச்சா அதிர்வுல அடிக் கான்கிரீட்டு விட்டுப்போகும்.


நூல்மட்டம்:

பின்பக்கத்துக்குக் கல் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மற்ற மூன்று பக்கத்துக்கும் நல்ல சிமெண்ட் கால் தாராளமாகப் போதும். கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமனில் வரும், அடியிலிருந்து நுனிவரை ஒரே நேராகவும் இருக்காது. சிமெண்ட் கால் 4 அங்குலத்துக்கு 4 அங்குலம், 8 அடி என்றால் 60 கிலோ, இரண்டு பேர் எளிதாகத் தூக்கி நிறுத்தலாம். கல் 90 கிலோவைத் தாண்டும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: வார்த்து 28 நாள் ஆகியிருக்க வேண்டும், உள்ளே நாலு கம்பி இருக்க வேண்டும், எந்த முகத்திலும் கம்பி வெளியே தெரியக்கூடாது. வண்டியிலிருந்து தள்ளிவிட்டு இறக்க விடாதீர்கள். நடுவில் விழும் மயிரிழை விரிசல் அப்போது வருவதுதான். இரண்டு வகையும் கலந்தால் மூலைக்கால் நான்கும் கல்லாக இருக்கட்டும்.

அட்வான்ஸ் பாதி வேண்டாம். ஆர்டர் கொடுக்கும்போது 15 சதவீதம் கொடுங்கள். காலும் வலையும் வந்து இறங்கி, நீங்கள் எண்ணி, எடை போட்டுப் பார்த்த பிறகு 40 சதவீதம். கால் அனைத்தும் நட்டு முடிந்ததும் 20. வலை, முள்கம்பி முடிந்ததும் 15. மீதி 10 சதவீதத்தை ஒரு பெரிய மழை பெய்து முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பின்பக்கம் இருக்கும்போது இது அவசியம். பொருளை நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு, கூலியை மட்டும் பேசுவதும் நல்ல வழி. அப்போது அட்வான்ஸ் பேச்சே குறைந்துவிடும். ஆனால் குறைகிற கட்டுக்கம்பிக்கும் சிமெண்டுக்கும் நீங்கள்தான் ஓட வேண்டியிருக்கும்.

சொன்ன விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, வண்டி வாடகை, இறக்குகூலி யார் பொறுப்பு, குழி எடுக்கும்போது சுக்கான்கல் தட்டினால் தனிக்கூலியா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் முன்பக்கத்தில் சுக்கான்கல் கண்டிப்பாகத் தட்டும். "கல் வந்துவிட்டது, ஒன்றே கால் அடிதான் இறங்கியது" என்று அங்கேயே நட்டுவிட்டுப் போகக்கூடாது. குழி ஒவ்வொன்றிலும் நாடா விட்டு ஆழம் பார்த்த பிறகுதான் கான்கிரீட் என்று சொல்லிவிடுங்கள். ஒரு குச்சியில் 2 அடிக்கு ஒரு கோடு, 3 அடிக்கு ஒரு கோடு போட்டுக் கையில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

வேலிக்காலில் கேட்டை மாட்டக் கூடாது. 12 அடி கேட்டின் பாரம் திறந்து மூடும்போதெல்லாம் காலை இழுக்கும். கேட்டுக்கு 9 அங்குலச் சதுரத்தில் தனியாக இரண்டு கான்கிரீட் தூண், 12 மி.மீ. கம்பி நாலு, 3 அடிச் சதுரத்தில் 3 அடி ஆழ அஸ்திவாரம். கேட் உள்பக்கம் திறக்கட்டும், சாலைப் பக்கம் வேண்டாம்.

ஈ.பி. ஸ்டே கம்பியில் வலையோ இழுகம்பியோ முள்கம்பியோ எதுவும் படவே கூடாது. அந்தக் கம்பியில் மின்சாரம் இறங்கினால் 362 அடி வேலியும் மின்சாரம் பாயும் கம்பியாகிவிடும். வேலிக் கோடு அதைக் குறுக்கே வெட்டுகிறது என்றால், வேலை தொடங்குமுன் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஸ்டேயை இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். பணம் கட்ட வேண்டிவரும், நாளும் ஆகும். ஆனால் இதில் சமாதானம் செய்துகொள்ளவே கூடாது. வேலையாட்கள் ஸ்டேயின் மேல் நூல் கட்டுவதையும், வலையைச் சாய்த்து வைப்பதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.


தோட்டத்துவீடு:

நன்றி. ஸ்டே வேலிக் கோட்டுலதான் வருது, திங்கட்கிழமை மின்வாரிய அலுவலகத்துக்குப் போறேன். கடைசியா ஒண்ணு. நாய் அடியில தோண்டி வராம இருக்க வலையை அரை அடி மண்ணுக்குள்ள புதைக்கலாம்னு காண்ட்ராக்டர் சொல்றார். செய்யலாமா?


கல்லுக்கால்:

வேண்டாங்க. மண்ணுக்குள்ள போற வலைதான் முதல்ல துருப்பிடிக்கும், அதுவும் உரம் போட்டு தண்ணி பாய்ச்சுற வாழைப் பக்கம்னா இன்னும் சீக்கிரம். வலையோட அடி தரைக்கு ரெண்டு அங்குலம் மேலயே நிக்கட்டும். அதுக்கு அடியில காலுக்கும் காலுக்கும் நடுவுல அரை அடி ஆழம் பறிச்சு, 4 அங்குல ஹாலோ பிளாக்கை ஒரு வரி பதிச்சு, கலவையில பூசிருங்க. பிளாக்கு மேல்முகம் தரைக்கு ரெண்டு அங்குலம் உசந்து வலைக்குக் கீழ நின்னா நாய் தோண்டாது. பின்பக்கம் மட்டும் ஒவ்வொரு கட்டத்துலயும் ஓர் இடத்துல 3 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டைக் குறுக்கால வெச்சுப் பூசணும். தண்ணி போகிற வழியை அடைச்சா அது உங்க காலடியிலதான் தேங்கும், இல்லைன்னா மேட்டுப் பக்கத்துக்காரர் நிலத்துல நிக்கும். குழாய் வாயில கொஞ்சம் வலைத்துண்டு கட்டிவிட்டா எலி, பாம்பு வராது. மழைக்கு முன்னால ஒரு தரம் அடைப்பு இருந்தா எடுத்துவிடுங்க.




கம்பிக்கடை:

அந்தக் குழாய் வாய்க்கு 3 அங்குல வேலி வலை பயன்படாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் ஒரு மீட்டர் வாங்கினால் 11 குழாய்க்கும் போதும்.